கைமாறும் வண்டி: பழைய டீசல் பிக்கப்பைச் சோதித்து வாங்கும் வழக்கத்தின் வரலாறு

பழைய டீசல் பிக்கப் வாங்கப் போகிறவர் தமிழ்நாட்டில் செய்யும் சோதனைகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் நடக்கும். முதலில் பானெட்டைத் தொட்டு எஞ்சின் சூடாக இருக்கிறதா, ஆறியிருக்கிறதா என்று பார்ப்பார். முதல் சாவியிலேயே எடுக்கிறதா என்று கவனிப்பார். புகையின் நிறத்தைப் பார்ப்பார், ஆயில் மூடியைத் திறப்பார், அடியில் குனிந்து சேஸையும் பட்டையையும் நோட்டம் விடுவார். கடைசியில்தான் ஆர்.சி. புக்கைக் கேட்பார். பழக்கத்தில் ஒன்றாகச் சேர்ந்துவிட்ட இந்தச் சோதனைகள் ஒரே நாளில் பிறந்தவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு காலத்து எஞ்சினுக்கோ, சட்டத்துக்கோ, கடன் முறைக்கோ பதிலாக வந்தது. எதற்காக வந்தது என்று தெரிந்துகொண்டால் அதைச் சரியாகச் செய்யவும் முடியும்.

இரண்டாம் உலகப் போர் வரை இங்கே ஓடிய லாரிகளும் பஸ்களும் அநேகமாகப் பெட்ரோல் வண்டிகள். போர்க்காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, அடுப்புக்கரியை எரித்து வரும் வாயுவில் அவற்றை ஓட்டினார்கள். பின்னால் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு மேட்டில் திணறிய அந்தப் பஸ்கள் ஒரு தலைமுறையின் நினைவில் நின்றவை. போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட அமெரிக்க, பிரிட்டிஷ் லாரிகள் ஏலத்துக்கு வந்தன. புது வண்டி கிடைக்காத அந்த ஆண்டுகளில் சுமை வண்டித் தொழிலில் இறங்கியவர்களுக்கு ஏலத்தில் எடுத்த பழைய வண்டி ஒரு நல்ல வாய்ப்பு. அந்த வண்டி எங்கே ஓடியது, எத்தனை மைல் ஓடியது என்று சொல்ல ஆள் கிடையாது. விற்பவரின் வாக்கை விட்டுவிட்டு இரும்பைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டிய நிலை அங்கேயே தொடங்கிவிட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகு டீசல் வந்தது. 1948-இல் சென்னையில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. 1954-இல் ஜாம்ஷெட்பூரில் டாடாவும் மெர்சிடிஸ் பென்ஸும் சேர்ந்து லாரி செய்யத் தொடங்கின. சென்னை சிம்ப்சன் நிறுவனம் பிரிட்டனின் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்களை இங்கேயே தயாரித்தது. டாட்ஜ், ஃபார்கோ, பெட்போர்டு லாரிகளில் பெர்க்கின்ஸ் எஞ்சின் ஏறியது. 1951-இல் பெங்களூரில் அமைந்த மைக்கோ, ஜெர்மனியின் பாஷ் உரிமத்தில் டீசல் பம்பும் நாசிலும் செய்தது. பம்பும் நாசிலும் உள்நாட்டிலேயே கிடைக்கத் தொடங்கியதுதான் இந்தக் கதையின் முக்கியமான திருப்பம். அதற்குப் பிறகு ஊர்ப் பட்டறையிலேயே டீசல் எஞ்சினைப் பிரித்து மாட்ட முடிந்தது. ரிப்பேர் செய்ய முடிகிற வண்டிக்குத்தான் மறுவிற்பனை விலை நிற்கும். பழைய வண்டிச் சந்தை வளர்ந்ததற்கு லாரிக் கம்பெனிகள் எவ்வளவு காரணமோ, பம்ப் மெக்கானிக்குகளும் அவ்வளவு காரணம்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நெருக்கும்போது அது 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகிறது. அந்தச் சூட்டில் நாசில் டீசலைப் பனிப்புகை போலப் பீய்ச்ச, அது தானே பற்றுகிறது. ஆகவே இந்த எஞ்சினின் உயிர் இரண்டு இடத்தில்தான்: காற்றை ஒழுகாமல் நெருக்கும் கம்ப்ரஷன், சரியான நேரத்தில் சரியான அளவு டீசலைத் தரும் பம்பும் நாசிலும். 1950களின் மெக்கானிக்குகள் கையில் கருவி அதிகம் இல்லாத நிலையில் இந்த இரண்டையும் அளக்கக் கண்ணையும் காதையும் பழக்கினார்கள். கருப்புப் புகை வந்தால் டீசல் அதிகமாகவோ காற்று குறைவாகவோ போகிறது: நாசில் ஒழுகலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், இழுவைக்காகப் பம்பை ஏற்றி வைத்திருக்கலாம். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. ரிங் அல்லது வால்வ் கைடு தேய்ந்திருக்கும். குளிர்ந்த எஞ்சினில் சிறிது நேரம் வெள்ளைப் புகை வருவது இயல்பு. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளையாகவே வந்தால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது, அல்லது ஹெட் கேஸ்கட் வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் இதற்காகத்தான். அதை எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டுமே செய்ய வேண்டும்.

ஆயில் மூடிச் சோதனை இன்னும் நுட்பமானது. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதைத் துளையின் மேல் தலைகீழாக வைப்பார்கள். நல்ல எஞ்சினில் மூடி மெல்ல அதிர்ந்தபடி அங்கேயே இருக்கும். ரிங் தேய்ந்த எஞ்சினில் சிலிண்டரிலிருந்து கீழே கசியும் வாயு மூடியைத் தூக்கி எறியும், துளையிலிருந்து புகை குப்குப்பென்று வரும். பட்டறைகளில் இதைத்தான் ‘பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது’ என்பார்கள். அப்படி அடிக்கிற எஞ்சினுக்கு ரீபோர் வேலை காத்திருக்கிறது என்று பொருள். அந்தச் செலவை விலையில் கழிக்காமல் வாங்குவது வீண் நஷ்டம். சாவி போடுவதற்கு முன் பானெட்டைத் தொடும் வழக்கமும் கம்ப்ரஷனோடு சேர்ந்ததே. தேய்ந்த டீசல் எஞ்சின் சூடாக இருக்கும்போது நன்றாகவே எடுக்கும். இரவெல்லாம் நின்று ஆறிய பிறகு காலையில்தான் அதன் பலவீனம் வெளியே வரும். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் காலை சொல்லாமல் போய்ப் பார்ப்பதே பழைய மெக்கானிக்குகளின் வழி. சிறிய டீசல் எஞ்சின்கள் பலவற்றில் குளிர்ந்த நிலையில் உதவ ஹீட்டர் பிளக் இருக்கும். அது பழுதாகி இருந்தாலும் காலையில் எடுக்கத் தாமதமாகும் என்பதால், பழுது பிளக்கிலா கம்ப்ரஷனிலா என்று பிரித்தறிய மெக்கானிக் துணை வேண்டும்.

1973-இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியது. இந்தியாவில் பெட்ரோலுக்கு வரி அதிகம், டீசலுக்குக் குறைவு. விலை வித்தியாசம் கூடக் கூட, பெட்ரோல் ஜீப்பையும் அம்பாசடரையும் வைத்திருந்தவர்கள் அவற்றில் டீசல் எஞ்சினை மாற்றி மாட்டத் தொடங்கினார்கள். 1947 முதல் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டிவந்த மகேந்திராவே பிறகு டீசலுக்கு மாறி, 1980களில் பிரான்சின் பெஜோ எஞ்சினை உரிமத்தில் செய்தது. பட்டறை மாற்றங்களோ ஒழுங்குக்குள் அடங்காதவை. டெம்போ எஞ்சின், டிராக்டர் எஞ்சின், பழைய இரும்புக் கடையிலிருந்து வந்த எஞ்சின் என்று கிடைத்தது ஏறியது. சென்னைப் புதுப்பேட்டையும் கோவை உக்கடமும் இந்தப் பழைய பாகங்களின் பெரிய சந்தைகள். எஞ்சினை மாற்றுவது தானாகக் குற்றமாகாது. மாற்றத்தைப் பதிவு அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும் என்பது சட்டம். பலர் ஏற்றவில்லை. திருட்டு வண்டியின் எஞ்சினும் இந்த வழியில் நுழைந்தது. எஞ்சின் பிளாக்கில் அடித்த எண்ணை ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் இந்தக் காலத்தில் அவசியமாயிற்று. இன்றும் பழைய வண்டியில் எண் இருக்கும் இடம் மட்டும் புதிதாகப் பளபளத்தாலோ, தேய்த்துச் சமப்படுத்தியது போல் இருந்தாலோ, பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது.

பிக்கப் என்று இன்று சொல்லும் வகை 1980களில்தான் இந்தியச் சாலையில் நிலைபெற்றது. அதுவரை பெரிய லாரிக்கும் மூன்று சக்கர டெம்போவுக்கும் நடுவே பஜாஜ் டெம்போவின் மேட்டடார் போன்ற சில வண்டிகளே இருந்தன. 80களின் நடுவில் ஜப்பானியக் கூட்டில் டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிசான், சுவராஜ் மாஸ்டா, ஐஷர் மிட்சுபிஷி என நான்கு இலகு லாரிகள் வந்தன. டாடா 1986-இல் 407-ஐயும், 1988-இல் டாடாமொபைல் பிக்கப்பையும் இறக்கியது. காய்கறி மண்டி, கோழிப் பண்ணை, செங்கல் சூளை, பந்தல் வாடகை, தண்ணீர் கேன் என்று எல்லாவற்றுக்கும் இந்த வகை பொருந்தியது. பொருந்தியதாலேயே அளவுக்கு மீறிப் பாரம் ஏறியது. ஒரு டன் இழுக்கக் கட்டிய வண்டியில் இரண்டு டன் ஏற்றுவதற்காகப் பின் பட்டையில் கூடுதல் இலைகளைச் செருகினார்கள். பட்டை தாங்கியது, ஆனால் பாரம் சேஸுக்கும் ஹவுசிங்குக்கும் இறங்கியது.

கார் வாங்குகிறவர் அதிகம் கவலைப்படாத அடிப்பகுதிச் சோதனை பிக்கப் வாங்குகிறவருக்கு முதன்மையானது இதனால்தான். கேபினுக்கும் பின் தொட்டிக்கும் இடையில், சேஸ் கட்டை வளையும் இடத்தில், பட்டை தொங்கும் ஹேங்கரைச் சுற்றி மயிரிழை விரிசலோ வெல்டிங் தழும்போ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். புது பெயின்ட் அடித்த சேஸ் என்றால் இன்னும் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். பட்டை இலைகளை இருபக்கமும் எண்ணினால், ஒரு பக்கம் அதிகமாக இருப்பதோ உடைந்த இலையோ தெரிந்துவிடும். பின்னால் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது புலப்படும். முன் டயரில் பட்டன் ஒரு ஓரமாக மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் கோளாறு, அல்லது மோதிய வண்டி. ஓட்டும்போது ஆக்சிலேட்டரை விட்டு விட்டு மிதித்தால் வரும் உறுமல் கிரவுன் தேய்மானத்தைச் சொல்லும். கியரைப் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கிளட்ச்சை மெல்ல விடும்போது எஞ்சின் அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. தொட்டியின் தரைத் தகடும் சாட்சி சொல்லும். உப்போ மீனோ கோழி எருவோ ஏற்றிய வண்டியின் தரை, பட்டி வைத்து மறைத்தாலும் அடியிலிருந்து பார்த்தால் துருவைக் காட்டிவிடும்.

இதுவரை சொன்னவை இரும்பின் சோதனைகள். காகிதத்தின் வரலாறு தனி. பணம் அதிகம் போவதும் அங்கேதான். எஞ்சின் கெட்டால் செலவு செய்து மீட்டுவிடலாம். காகிதம் கெட்டால் வண்டியே கையை விட்டுப் போகும்.

புது லாரிக்குக் கடன் தர 1954-இல் சென்னையில் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ் போன்ற நிறுவனங்கள் இருந்தன. பழைய லாரிக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போன டிரைவருக்கு அநேகமாக இல்லை என்ற பதிலே கிடைத்தது. அடமானமாகக் காட்டச் சொத்து இல்லை, வருமானத்துக்கு ரசீது இல்லை. ஆகவே அதிக வட்டிக்குத் தனியாரிடம் போக வேண்டியிருந்தது. 1974-இல் சீட்டு நிறுவனமாகத் தொடங்கிய ஸ்ரீராம் குழுமம், 1979-இல் ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸை நிறுவிப் பழைய லாரிக்குக் கடன் கொடுப்பதையே தொழிலாக எடுத்துக்கொண்டது. குழுமத்தை நிறுவியவர்களில் முதன்மையானவரான ஆர். தியாகராஜன், வங்கி ஒதுக்கிய டிரைவர் கடனைத் திருப்பிக் கட்டுவார் என்று நம்பினார். அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை. தமிழ்நாட்டில் டிரைவராக இருந்தவர் ஓனராக மாறியதற்கு இந்தக் கடன் முறைக்கு உள்ள பங்கு பெரியது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரித் தொழில் பெருகியது, கூட்டு முதலீடு, உறவுக்காரர் கடன், பட்டறைத் திறமை ஆகியவற்றோடு பழைய வண்டி கைக்கு எட்டிய விலையில் கிடைத்ததாலும்தான்.

கடன் வந்ததும் புதிய ஆபத்தும் வந்தது. கடன் தீரும்வரை ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் எச்.பி. குறிப்பாக நிற்கும். தவணை தவறினால் வண்டி சீஸிங்குக்குப் போகும். அடியாட்களை வைத்து வண்டியைப் பிடுங்கும் முறையை 2007-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. ஆனாலும், கடன் பாக்கியோடு கைமாறிய வண்டியை அதன் புதிய உரிமையாளரிடமிருந்து எடுத்துச் செல்வது தொடர்ந்தது. ‘மீதி டியூவைக் கட்டிக்கொண்டு ஓட்டிக்கொள்’ என்ற பேச்சு வணிகத்தில் இழந்தவர்கள் ஏராளம். ஃபைனான்ஸ் நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும், அவர்கள் கையெழுத்திட்ட 35-ஆம் எண் படிவமும் இல்லாமல் எச்.பி. நீங்காது. எச்.பி. நீங்காத வண்டிக்கு முழு விலை கொடுக்கவே கூடாது.

1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்துக்குப் பதிலாக 1988-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் நாக்கு நுனியில் வைத்திருக்கும் படிவ எண்கள் அந்த ஆண்டின் விதிகளிலிருந்து வந்தவை. 28 என்றால் வேறு பதிவு எல்லைக்குப் போக என்.ஓ.சி., 29-ம் 30-ம் பெயர் மாற்றத்துக்கு. சேஸ் எண்ணின் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து எடுக்கும் ‘பென்சில் பிரிண்ட்’ பதிவு அலுவலகத்தின் பழக்கம். வாங்குகிறவருக்கும் அதைவிட எளிய சோதனை இல்லை. கண்ணுக்குத் தெரியாத திருத்தம் அந்தத் தாளில் தெரியும். அடித்த எழுத்தின் ஆழம் மாறியிருந்தால் கோடு மாறும், வெட்டி ஒட்டிய தகடானால் விளிம்பு பதியும். சுமை வண்டிக்கு எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று உண்டு. புது வண்டிக்கு இரண்டு ஆண்டு, பிறகு ஆண்டுதோறும் என்றிருந்த முறை 2018-இல் மாறியது. எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. எஃப்.சி. முடிகிற மாதத்தில் விலைக்கு வரும் வண்டியில், அதைக் காட்டுவதற்கு ஆகும் டிங்கரிங், பெயின்ட், பிரேக் வேலைச் செலவு வாங்குகிறவர் தலையில் விழும். மொத்த எடை 3000 கிலோவுக்குள் இருந்தால் பெர்மிட் தேவையில்லை; தாண்டினால் அதையும் கேட்டு வாங்க வேண்டும். பல பிக்கப்புகள் இந்த எல்லையை ஒட்டியே நிற்பதால், ஆர்.சி.யில் உள்ள எடையைப் படித்துப் பார்க்காமல் முடிவு செய்யக்கூடாது.

2005-இல் டாடா ஏஸ் வந்தது. 702 சி.சி., இரண்டு சிலிண்டர் டீசல். மக்கள் அதற்குக் குட்டியானை என்று பெயர் வைத்தார்கள். 2011-இல் அசோக் லேலண்ட் ஓசூரில் தயாரித்த தோஸ்த் சேர்ந்தது. வண்டியே வைத்திராத ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சுமை வண்டிக்காரர்கள் ஆயின. எஞ்சின் சத்தம் கேட்டு வளராத அவர்கள் மீட்டரை நம்பினார்கள், மீட்டரைத் திருத்துகிறவர்களும் பெருகினார்கள். மீட்டர் நாற்பதாயிரம் என்று சொல்லும்போது கிளட்ச் பெடலின் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்து, டிரைவர் சீட்டின் ஸ்பாஞ்ச் அமுங்கியிருந்தால், பெடலைத்தான் நம்ப வேண்டும்.

புகைக் கட்டுப்பாடு இன்னொரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. நாடு முழுவதும் 2010-இல் பி.எஸ். 3, 2017 ஏப்ரலில் பி.எஸ். 4, 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 நடைமுறையானது. டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 350 பங்கிலிருந்து 50-ஆகி, பிறகு 10-ஆகக் குறைந்தது. பழைய நேரடி எஞ்சினில் சுமார் 200 பார் அழுத்தத்தில் திறந்த நாசிலின் இடத்தில், 1600 பார் அளவில் வேலை செய்யும் காமன் ரெயில் இன்ஜெக்டர் வந்தது. ஒரு நாசிலைப் பட்டறையில் சரிசெய்யும் செலவுக்கும் ஒரு காமன் ரெயில் இன்ஜெக்டர் மாற்றும் செலவுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆகவே கண்ணும் காதும் பார்த்த சோதனையோடு ஸ்கேனரும் சேர்ந்துகொண்டது. பி.எஸ். 6 வண்டி பலவற்றில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி உண்டு. நீண்ட ஓட்டமே இல்லாமல் தெருவுக்குத் தெரு நின்று போகும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு சாவி போட்டதும் எரிந்து அணைகிறதா என்று பார்ப்பது முக்கியம். எரியவே இல்லையென்றால் அதைத் துண்டித்திருக்க வாய்ப்புண்டு.

2015 டிசம்பர் சென்னை வெள்ளம் மற்றொரு சோதனையைக் கற்றுத்தந்தது. நீரில் மூழ்கி, காப்பீட்டில் முழு நஷ்டமாகக் கணக்கிட்டு ஏலத்தில் போன வண்டிகள் சுத்தமாகத் துடைத்து மீண்டும் சந்தைக்கு வந்தன. சீட் பெல்ட்டை முழுதும் இழுத்தால் உள்சுற்றில் தெரியும் சேற்றுக் கறை, ஃபியூஸ் பெட்டியின் பச்சைக் களிம்பு, தரை விரிப்புக்கு அடியில் வண்டல் ஆகியவற்றைப் பார்க்கும் வழக்கம் பரவியது. அதே 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி வட்டாரத்தில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை விதித்தது. அங்கே ஓட முடியாதவை என்.ஓ.சி. பெற்றுப் பிற மாநிலங்களுக்கு விலைக்குப் போயின. விலை மலிவுதான். ஆனால் இங்கே மறுபதிவும் வரியும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே அது மலிவா என்று சொல்ல முடியும்.

இப்போது வாகன் இணையப் பதிவேட்டில் வண்டி எண்ணைப் போட்டால் எஃப்.சி., காப்பீடு, வரி, எச்.பி. விவரம் கைப்பேசியிலேயே தெரிகிறது. நிலுவையில் உள்ள இ-சலானையும் பார்த்துவிடலாம். தரகரின் வாய்ச்சொல்லை நம்பியிருந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய பாதுகாப்பு. ஆயினும் கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களோடு வண்டி மூன்று கை, நான்கு கை மாறும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. சட்டப்படி மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் காப்பீட்டையும் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றக் கோர வேண்டும். பலமுறை கைமாறியும் பெயர் மாறாத ஒரு வண்டியின் விபத்து வழக்கில், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே. ஆகவே வாங்குகிறவர் மட்டுமல்ல, விற்கிறவரும் பெயர் மாறிய ஆர்.சி.யைக் கண்ணால் பார்த்து, ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.